கணக்குக் காட்டாதவன் ஓலை குடத்தில் விழலாகாது

உத்திரமேரூர் என்றதும் குடவோலை! அதைச் சொல்லிப் பூரிக்காத மேடை உண்டோ? பானையில் ஓலையிட்டோம், பாலகனை விட்டு எடுத்தோம், பாருக்கே மக்களாட்சி காட்டினோம் என்று முழங்குவர். முழங்கட்டும். ஆனால், அந்தக் கல்லிலே தேர்தலினும் கூரிய விதியொன்று உண்டு. அதைப் பேசுவோர் சிலரே.

முதற் பராந்தகன் காலத்தில், 919இலும் 921இலும் எழுந்தவை அவ்விதிகள். ஊரை முப்பது குடும்புகளாக வகுத்தனர். ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் எனப் பொறுப்புகளைப் பிரித்தனர். பதவி 360 நாள்தான். வரலாகாதவர் யார்? முன்பு எந்த வாரியத்திலேனும் இருந்து, கணக்குக் காட்டாது போனவன் வரலாகாது. அவன் மட்டுமா? அவன் தந்தை, மகன், உடன்பிறந்தான், சிற்றன்னை மகன், அத்தை மகன், மாமனார், மைத்துனன், மருமகன் எவரும் வரலாகாது! மைத்துனன் பெயரில் ஒப்பந்தம் எடுக்கும் கலை அன்றே அரும்பிவிட்டது போலும். இல்லையேல், இத்தனை உறவைக் கல்லில் வெட்டுவானேன்?

கணக்கனையும் விடவில்லை. தான் எழுதிய கணக்கைத் தானே காட்டவேண்டும். வேறொருவனைக் கொண்டு முடிக்கலாகாது. காட்டி, நேர்மையன் எனத் தெளிந்த பின்னரே மீண்டும் கணக்கு வேலை.

நல்ல விதி, மறுப்பார் இல்லை. ஆனால், காட்டியது யாரிடம்?

அவ்வூர் சதுர்வேதிமங்கலம், பார்ப்பனர்க்கு அளிக்கப்பட்ட ஊர். ஓலையில் பெயரேறக் கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் வேண்டும். அரைக்கால் வேலிக்காரனுக்கும் இடமுண்டாம், ஒரு வேதமும் ஒரு பாடியமும் ஓத வல்லவனாயின்! ஏரியில் மண் சுமந்தவனுக்குக் குடத்திலும் இடமில்லை; ஏரிக் கணக்கைக் கேட்கும் அவையிலும் இடமில்லை. திருடாதே என்று தம்முள் ஒருவரையொருவர் காத்துக்கொண்டனர். வெளியே நின்றவனுக்கு அவர்கள் கணக்குச் சொல்லவில்லை.

வெளியே நின்றவன் கேட்ட கதை வடக்கே நடந்தது. 1994 டிசம்பரில், இராசத்தான் பாலி மாவட்டத்துக் கோட் கிரானா என்னும் சிற்றூரில், மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் மக்களைக் கூட்டியது. பஞ்சாயத்து வேலைகளின் கூலிப் பட்டியல் உரக்கப் படிக்கப்பட்டது. படிக்கப் படிக்கச் சலசலப்பு! வேலைக்கே போகாதவர் பெயரில் கூலி எழுதப்பட்டிருந்தது. மறுத்துச் சொல்லத் தணிக்கையாளர் வேண்டியிருக்கவில்லை. பெயருக்குரியவரே எதிரில் அமர்ந்திருந்தார். எங்கள் பணம், எங்கள் கணக்கு என்ற குரல் பரவிற்று. 2005இல் தகவல் உரிமைச் சட்டம் வந்தது. அதே ஆண்டின் ஊரக வேலையுறுதிச் சட்டம், பணிகளைத் தணிக்கை செய்யும் பொறுப்பைக் கிராம சபையிடமே வைத்தது.

குடவோலை பிறந்த நம் நாட்டிலோ? 2016 அக்டோபரில் ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. 2019 டிசம்பர் வரை தேர்தலே இல்லை. இடையில் ஆண்டவர் தனி அலுவலர். கிராம சபையில் வரவு செலவை வைக்கவேண்டியவரும் அவரே. அவர் காட்டாது போயினும், ஊரார் கிழித்தெறிய அவர் பெயரில் ஓலை ஏது?