எம்டனும் அம்மிக் குழவியும்

கோபம் வந்தால் எங்கள் ஆயா பேரப்பிள்ளைகளை ‘எம்டன்’ என்றுதான் திட்டுவாள். அது ஒரு கப்பலின் பெயர் என்று எனக்குத் தெரியவந்தபோது மீசை முளைத்திருந்தது.

1914 செப்டம்பர் 22. நவராத்திரி சமயம். ஆயாவுக்குப் பத்து வயது, வீடு சென்னையில் தம்புச் செட்டித் தெருவை ஒட்டிய ஒரு சந்தில். இரவு ஒன்பதரை மணி வாக்கில் கேப்டன் கார்ல் ஃபான் முல்லரின் ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று, பர்மா ஆயில் கம்பெனியின் தொட்டிகளைக் குறிவைத்துச் சுட்டது. ஹைகோர்ட் மேலிருந்த கலங்கரை விளக்கம் அன்றும் வழக்கம்போல எரிந்துகொண்டிருந்தது, கப்பலுக்கு வழிகாட்டுவதுபோல. 120-க்கும் மேற்பட்ட குண்டுகள். அரை மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்தது. இறந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பட்டணத்தை விட்டு ஓடியவர்களோ ஆயிரக்கணக்கில்.

ஆயாவின் நைனா மண்டியில் கணக்கு எழுதியவர், நிதானஸ்தர். அன்றைக்கு இருட்டில் அவர் தூக்கிக்கொண்டு கிளம்பியது அம்மிக் குழவியை. நகைப்பெட்டி கொலுப்படிக்கு அடியிலேயே கிடந்தது. திருவள்ளூர் போன மாட்டுவண்டியில் விடியும்வரை அந்தக் கல்லைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்திருந்தாராம். “ஏன் நைனா இத்த எடுத்தாந்தேன்னு கேட்டா பேந்தப் பேந்த முழிக்கிறாரு. எனக்கு நாக்கு அப்படியே ஒட்டிக்கிச்சு, தண்ணி கூட எறங்கல” என்பாள் ஆயா.

ஒட்டிக்கொண்ட அந்த நாக்குக்கு அடுத்த வருஷமே அமெரிக்காவில் விளக்கம் வந்தது. ஹார்வர்டின் வால்டர் கேனன் 1915-இல் வெளியிட்ட புத்தகத்தில், ஆபத்தைக் கண்ட உடம்பு சண்டைக்கோ ஓட்டத்துக்கோ தயாராகிறது என்றார். அட்ரினலின் சுரக்கும், இதயம் விரையும், ரத்தம் தசைகளுக்குப் பாயும், ஜீரணம் நின்றுபோகும், வாய் உலரும். கால்களுக்கு அத்தனை ஏற்பாடு. எதை எடுப்பது என்று யோசிக்கிற புத்திக்குத்தான் அந்நேரம் இடமில்லை.

குண்டு விழுந்த அந்த வருஷத் தீபாவளிக்கு முதல் வெடி வெடித்ததும் ஆயா கட்டிலுக்கடியில் புகுந்துவிட்டாள். நவம்பர் 9-ஆம் தேதி கோகோஸ் தீவுகளில் ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி, எம்டனின் கதையை முடித்தது. பட்டணத்துக்குப் பயம் அதோடு போகவில்லை. மெல்ல மெல்ல எம்டன் என்ற பெயர் வசவானது, அப்புறம் கெட்டிக்காரப் பொல்லாதவனுக்குப் பட்டப்பெயரானது. நடுங்கவைத்தவன் பெயரைச் சொந்தப் பேரனுக்கே வைத்துக் கூப்பிட்டதைவிடப் பெரிய வைத்தியம் அந்தத் தலைமுறைக்குக் கிடைத்திருக்காது என்பது என் எண்ணம்.

1942 ஏப்ரலில் ஜப்பான் விமானங்கள் கொழும்பிலும் மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்டன. இம்முறை சென்னையைக் காலி பண்ணச் சொன்னது சர்க்காரே. அலுவலகங்கள் வெளியூர்களுக்குப் போயின. கூண்டு உடைந்தால் வெளியே வந்துவிடும் என்று மிருகக்காட்சிசாலையின் சிங்கம், புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள். சென்னைமேல் ஜப்பான் விமானம் குண்டு போட்டது 1943 அக்டோபரில்தான், அதுவும் சொற்பம். சர்க்காரும் நைனா மாதிரி குழவியைத்தான் தூக்கியிருக்கிறது.

ஆயா அந்த முறை நகைப்பெட்டியை முதலில் முடிந்துகொண்டாள். “அந்தச் சிங்கம் இன்னா பாவம் பண்ணிச்சு?” என்று கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

எம்டன் குண்டு விழுந்த இடத்தில், ஹைகோர்ட் சுற்றுச்சுவரில், ஒரு கல்வெட்டு இருக்கிறது. குழவி எங்கள் வீட்டில் இருக்கிறது. அம்மிதான் இல்லை.