வேலை போச்சு, கடன் ஏறுச்சு, மாத்திரை நின்னுச்சு: பெருந்தொற்று காலத்தில் மனநோய் அபாயம் கூடுவது ஏன்?

கொரோனா என்றதும் ஆக்சிஜன், தடுப்பூசி, முகக்கவசம்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் அந்த நாட்களின் வேலையிழப்பும் தனிமையும் சிலரின் மனநிலையையே புரட்டிப் போடக்கூடியவை. யாருக்கு, ஏன்? கடலூர், சிதம்பரம் பகுதி சந்தித்த சூழலை வைத்துப் பார்க்கலாம்.

சைக்கோசிஸ் என்றால் என்ன?

யாரும் பேசாதபோதும் காதில் குரல் கேட்பது, 'சோத்துல விஷம் வெச்சுட்டாங்க' என்று ஆதாரமே இல்லாமல் உறுதியாக நம்புவது, தொடர்பில்லாமல் பேசுவது. இப்படி நிஜத்தோடு தொடர்பு அறுந்துபோகும் நிலையைத்தான் டாக்டர்கள் சைக்கோசிஸ் என்கிறார்கள். மனச்சிதைவு நோய் இதில் ஒரு வகை. உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி, சுமார் 300 பேரில் ஒருவருக்கு மனச்சிதைவு நோய் இருக்கிறது.

வறுமைதான் காரணமா?

வறுமை மட்டுமே காரணம் இல்லை. பரம்பரை, மூளையில் ஏற்படும் மாற்றங்கள், சிறுவயது பாதிப்புகள், கஞ்சா பழக்கம் எனப் பல காரணங்கள் சேர்ந்துதான் நோய் வருகிறது. ஆனால் ஏற்கெனவே பாதிப்புக்கு வாய்ப்புள்ளவரை, தொடர் நெருக்கடி விளிம்புக்குத் தள்ளிவிடும். நோய் வந்தால் வேலை போகும், வேலை போனால் நோய் முற்றும். இது இருவழிப் பாதை.

கடலூரில் என்ன நடந்தது?

2020 மார்ச் 25-ல் நாடு தழுவிய ஊரடங்கு தொடங்கியது. கடலோர விசைப்படகுகள் கரையில் நின்றன. அதோடு ஏப்ரல் 15 முதல் மீன்பிடித் தடைக்காலமும் சேர்ந்துகொண்டது. அந்த ஆண்டு தடையை மே 31 வரை எனக் குறைத்தாலும், தொடர்ந்து 2 மாதங்களுக்கு மேல் வருமானம் இல்லை.

அடுத்து கோயம்பேடு. சென்னை மார்க்கெட்டில் வேலை பார்த்தவர்கள் ஊர் திரும்பியதும் மே 4-ம் தேதி ஒரே நாளில் கடலூர் மாவட்டத்தில் 122 பேருக்குத் தொற்று உறுதியானது. ஊர் திரும்பியவரை ஊரே சந்தேகமாகப் பார்க்கும்போது, தனிமையும் பயமும் சேரும். தூக்கமும் கெடும். தொடர்ந்து தூக்கம் கெடுவது சைக்கோசிஸுக்கு முக்கியமான தூண்டுகோல்.

மாத்திரை நின்றால்?

இதுதான் பெரிய ஆபத்து. நோய் கட்டுக்குள் இருப்பவர் மாத்திரையைத் திடீரென நிறுத்தினால், பாதிப்பு திரும்பி வரும் வாய்ப்பு அதிகம். காட்டுமன்னார்கோவில் பக்கத்துக் கிராமத்தில் இருப்பவருக்கு சிதம்பரம் போக பஸ்தான் வழி. பஸ்ஸும் இல்லை, கையில் காசும் இல்லை என்றால், முதலில் நிற்பது மாத்திரைதான்.

குடிப்பழக்கமும் கவனிக்க வேண்டிய விஷயம். மார்ச் 24 மாலை மூடிய டாஸ்மாக் கடைகள் மே 7-ம் தேதிதான் திறந்தன. தினமும் அதிகமாகக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால், 2, 3 நாட்களில் நடுக்கம், குழப்பம், இல்லாதது கண்ணுக்குத் தெரிவது போன்றவை வரலாம். இது உயிருக்கே ஆபத்தான நிலை. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வைரஸுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு, ஆனால் மிகச் சிலருக்குத்தான். கொரோனா பாதித்த 2.36 லட்சம் பேரின் மருத்துவப் பதிவுகளை ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் அலசினார்கள். 2021-ல் வெளியான அந்த ஆய்வில், 6 மாதங்களுக்குள் முதல்முறையாக சைக்கோசிஸ் கண்டறியப்பட்டவர்கள் 0.42 சதவீதம்.

'காத்து கருப்பு' என்று விட்டுவிடலாமா?

கூடாது. 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, சைக்கோசிஸ் உள்ளவர்களில் 4-ல் 3 பேருக்குச் சிகிச்சை கிடைப்பதில்லை. சிகிச்சை தாமதமாகத் தாமதமாக மீள்வது கஷ்டம். கோயிலுக்குப் போங்க, தப்பில்லை. ஆனால் டாக்டரிடமும் கூட்டிட்டுப் போங்க.

எங்கே போகலாம்?

* கடலூர் அரசு தலைமை மருத்துவமனை.
* சிதம்பரம் அண்ணாமலை நகரில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு. பழைய ராஜா முத்தையா மருத்துவமனை என்றால் எல்லோருக்கும் தெரியும்.
* போனில் பேச: டெலி மானஸ் 14416. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணும் இருக்கிறது.

அடுத்த ஊரடங்கோ புயலோ வெள்ளமோ எது வந்தாலும், வீட்டில் மனநல மாத்திரை சாப்பிடுபவர் இருந்தால், அரிசி, பருப்போடு ஒரு மாத மாத்திரையையும் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். சீட்டை போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.