கம்மந்தான் என்னும் பதவி

தென்காசிக்கு வடமேற்கே, குடமலையின் அடிவாரத்தில், திருமலை முருகன் கோயிலால் சிறப்புற்ற பண்பொழி அமைந்துள்ளது. அதற்கு வடகிழக்கே நெற்கட்டுஞ்செவல். பூலித்தேவரை அடக்க அங்குப் படை நடத்திய யூசுபுகானைத் தென்பாண்டி மக்கள் 'கம்மந்தான் கான்சாகிபு' என வழங்கினர். 'கமாண்டண்ட்' என்னும் ஆங்கிலச் சொல்லின் திரிபே கம்மந்தான். இப்பதவி ஒருவர்க்கு வாய்த்த முறையை இங்கு ஆராய்வோம்.

படைத்தலைவர்க்குச் சிறப்புச் செய்தல் தமிழகத்திற்குப் புதிதன்று. தொல்காப்பியர் வஞ்சித்திணையுள் 'மாராயம்' பெற்றோனது நெடுமொழியை ஒரு துறையாக வகுத்தார். ஏனாதி, காவிதி முதலிய பட்டங்களும், நாடும் ஊரும் பெறுதலும் அச்சிறப்பினுள் அடங்கும் என்பது நச்சினார்க்கினியர் கருத்து. ஏனாதி திருக்கிள்ளியும் சோழிய ஏனாதி திருக்குட்டுவனும் புறநானூற்றில் பாடப்பெற்றோர். ஏனாதிக்கு மோதிரமும் உரியதாயிற்று. மாராயம் வேந்தன் ஒருவனுக்கும் வீரன் ஒருவனுக்கும் இடைப்பட்ட உறவு என்பதை ஈண்டு நினைவிற்கொள்ளல் வேண்டும்.

கான்சாகிபு பெற்றதோ வணிகக் கழகம் ஒன்றன் ஆணை. திருச்சிராப்பள்ளிப் போரில் அவர் காட்டிய திறங்கண்டு தளபதி லாரன்சு பரிந்துரைக்க, 1754-இல் கும்பினியின் சிப்பாய்கள் அனைவர்க்கும் தலைவராக அவர் அமர்த்தப்பட்டார். குலமோ கல்வியோ அன்று. களத்தில் கண்ட ஆற்றலே தகுதியாயிற்று. பின்னர் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளை ஆண்ட அவர், 1762-இல் ஆர்க்காட்டு நவாபுடனும் கும்பினியுடனும் முரணினார். 1764 அக்டோபர் 15-ஆம் நாள் மதுரையில் தூக்கிலிடப்பட்டார். பதவி தந்தவர்களே அவரைக் கலகக்காரர் என்றனர். அவர் யாருக்குக் கடமைப்பட்டவர்? கும்பினிக்கா, நவாபுக்கா, தாம் ஆண்ட மக்களுக்கா? இவ்வினாவைத் தொடாது அவரைத் துரோகி என்றோ தியாகி என்றோ கூறுவது வரலாறாகாது என்பது எம் கருத்து.

அவர்க்குப்பின் கும்பினி எச்சரிக்கையுற்றது போலும்! பிற்காலத்தில் இந்தியச் சிப்பாய் ஏறத்தக்க உச்சி சுபேதார் மேசர் என்னும் பதவியே; நேற்று வந்த ஆங்கில இளைஞனுக்கும் அவர் கீழ்ப்பட்டவரே. சாண்ட்கர்ஸ்ட்டுப் படைக்கல்லூரியில் இந்தியர்க்கு ஆண்டுக்குப் பத்து இடங்கள் 1918-இல்தான் கிடைத்தன. டேராடூன் கல்லூரி 1932-இல் தோன்றியது. 1943 முதல் தெரிவுக் குழுக்கள் உளவியல், குழுப்பணி, நேர்காணல் ஆகியவற்றால் ஆளறியத் தொடங்கின. சென்னைப் பரங்கிமலையில் 1963-இல் நிறுவப்பெற்ற பயிற்சிப் பள்ளி இன்று அகாதெமியாய் விளங்குகின்றது. அங்குப் பயின்று வெளிவருவோர்க்குப் பதவியாணை குடியரசுத் தலைவர் பெயரால் வழங்கப்பெறுகின்றது.