ஆலை கழித்ததும் அலுவலகம் கழித்ததும்

1966இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில், வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனப் பொறியாளர் ஜிம் சதர்லாந்து தம் வீட்டுக்கென ஒரு கணினியைக் கட்டி ஓட்டினார். எக்கோ-4 என்பது அதன் பெயர். சுமார் 360 கிலோ எடை. வீட்டுக் கடிகாரங்களை நேரப்படி ஓட வைப்பது, தொலைக்காட்சியை ஏற்றி அணைப்பது, குடும்பக் கணக்குப் பார்ப்பது என்று அதன் வேலைகள் எல்லாம் எளியவை. ஆனால் உள்ளே இருந்த பாகங்கள் வீட்டை நினைத்துச் செய்யப்பட்டவை அல்ல. ஆலைகளின் இயந்திரங்களைக் கட்டுப்படுத்த வெஸ்டிங்ஹவுஸ் தயாரித்த புரோடாக்-4 கணினியில் மிஞ்சிப்போனவை அவை. வீட்டுத் தானியக்கத்தின் வரலாற்றில் இதைத் தற்செயல் என்று ஒதுக்க முடியாது. வீட்டைக் கவனிக்கும் சர்வர் பெரும்பாலும் வேறு எங்கோ, வேறு எதற்கோ செய்யப்பட்ட பொருளாகவே இருந்து வந்திருக்கிறது. பழையதைத் தூக்கிவிட்டுப் புதியதை வாங்கிய ஒவ்வொரு கட்டத்திலும் முடிவைத் தீர்மானித்தது கணக்கிடும் வேகம் அல்ல. இரவு பகலாகச் சலிக்காமல் ஓடும் திறன்தான்.

வீட்டுக்கென்றே பெயர் சூட்டி விற்க வந்த பெட்டிக்கு என்ன கதி நேர்ந்தது என்பதற்கு 1969 நல்ல சாட்சி. நீமன் மார்கஸ் கடையின் விற்பனைப் பட்டியலில் ஹனிவெல் சமையலறைக் கணினி இடம்பிடித்தது. விலை 10,600 டாலர். பார்வைக்குப் பகட்டான மேசை, உள்ளே ஹனிவெல் 316 என்ற சாதாரண மினிகம்ப்யூட்டர். சமையல் குறிப்பைப் பெற, முன்பலகையின் சுவிட்சுகளையும் மினுக்கும் விளக்குகளையும் இரும எண்களாகப் படிக்கக் கற்க வேண்டும். அதற்கு இரண்டு வார வகுப்பு. ஒன்றுகூட விற்றதற்குச் சான்று இல்லை. ஆறே ஆண்டுகள் கழித்து, ஸ்காட்லாந்தின் கிளென்ரோதஸில் இருந்த பிக்கோ எலக்ட்ரானிக்ஸ் 1975இல் எக்ஸ்10 முறையை உருவாக்கியது. வீட்டில் ஏற்கெனவே ஓடும் மின்கம்பியிலேயே 120 கிலோஹெர்ட்ஸ் சமிக்ஞையை ஏற்றி 256 முகவரிகள் வரை விளக்குகளுக்குக் கட்டளை அனுப்பியது அது. அதன் வெற்றிக்குக் காரணம் புதிய வலிமை எதுவும் அல்ல. புதிதாக ஒரு கம்பிகூட இழுக்க வேண்டியிருக்கவில்லை, அவ்வளவுதான். பிறகு 1990களின் இறுதியில் மிஸ்டர்ஹவுஸ் போன்ற மென்பொருள்கள் வந்தபோது, அவற்றை ஓட்ட வீட்டில் ஓய்வுபெற்ற பழைய மேசைக் கணினியே போதுமானதாக இருந்தது.

2012 பிப்ரவரியில் ராஸ்பெரி பை வந்ததும் காட்சி மாறியது போலத் தோன்றும். பள்ளிப் பிள்ளைகள் நிரல் எழுதப் பழகட்டும் என்று 35 டாலருக்கு விற்கப்பட்ட பலகை அது. அதுவும் வீட்டுச் சர்வராகப் பிறக்கவில்லை. 2013இல் பாலஸ் ஸ்கௌட்சன் தொடங்கிய ஹோம் அசிஸ்டன்ட் என்ற வீட்டுத் தானியக்க மென்பொருள் இந்தப் பலகையில் ஏறி ஊரெங்கும் பரவியது. விளக்கைப் போட்டு அணைக்க அதன் ப்ராசசர் தாராளம். அடி வாங்கியது பதிவுகள் சேரும் மெமரி கார்டு. ஹோம் அசிஸ்டன்ட் ஒவ்வொரு சென்சாரின் நிலையையும் ஒரு தரவுத்தளத்தில் குறித்துவைக்கிறது. வழக்கமான அமைப்பில் 10 நாள் பதிவுகள் இருக்கும். மின் மீட்டர் ஒன்று விநாடிக்கு ஒரு முறை அளவு சொன்னால், அது மட்டுமே நாளுக்கு 86,400 பதிவு. ஃபிளாஷ் நினைவகத்தில் நாலு பைட்டைத் தனியாகத் திருத்த முடியாது. ஒரு பக்கம் முழுவதையும் புதிதாக எழுத வேண்டும்; பழைய பக்கங்கள் கிடக்கும் பெரிய தொகுதியை மொத்தமாக அழித்தால்தான் மீண்டும் இடம் கிடைக்கும். ஒவ்வொரு அழிப்புக்கும் கொஞ்சம் தேய்மானம். கேமராவில் படம் சேர்த்து வைப்பதற்கென வந்த கார்டு, ஓயாத இந்தச் சின்னச் சின்ன எழுத்துகளைத் தாங்காமல் ஒரு நாள் படுத்துவிடும். கூடவே கரண்ட் போய் வந்தால் தரவுத்தளமும் சிதையும். ராஸ்பெரி பையிலிருந்து மாறியவர்களில் பலர் வேகம் பத்தாமல் மாறவில்லை, எஸ்எஸ்டி தேடித்தான் மாறினார்கள் என்பது என் கணிப்பு.

மாற்றத்தை விரைவுபடுத்தியது தட்டுப்பாடு. 2021 அக்டோபரில் ராஸ்பெரி பை தன் வரலாற்றில் முதன்முறையாக விலையை ஏற்றியது. 2 ஜிபி பை 4 பலகை 35 டாலரிலிருந்து 45 ஆனது. அந்த விலைக்கும் கடையில் சரக்கு இல்லை. அதே சமயம் அலுவலகங்கள் தள்ளிவிட்ட டெல் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, லெனோவோ திங்க்சென்டர் டைனி, எச்பி எலைட்டெஸ்க் மினி ஆகியவை பழைய சரக்குச் சந்தையில் கிடைத்தன. மானிட்டருக்குப் பின்னால் மாட்டிவைக்கும் அளவுள்ள, சுமார் ஒரு லிட்டர் கொள்ளளவுப் பெட்டிகள் இவை. எஸ்எஸ்டி பொருத்தலாம், நினைவகத்தைக் கூட்டலாம். குமாஸ்தாவின் மேசையில் ஆண்டுக்கணக்கில் ஓடுவதற்கென்று செய்த பொருள், வீட்டின் அலமாரியிலும் அதையே செய்தது.

கரண்ட் பில் என்னாகும் என்று கேட்பார்கள். பழைய கோபுர வடிவக் கணினியைப் பொறுத்தவரை கேள்வி நியாயமானது: 50 வாட் இழுத்தால் ஆண்டுக்கு 438 யூனிட். மினி பெட்டி சும்மா இருக்கும்போது 10 வாட் என்று வைத்தாலும் 88 யூனிட்டுக்குள் அடங்கும். 3 வாட் பையோடு ஒப்பிட்டால் கூடுவது 60 யூனிட் அளவுதான். இன்டெல் 2023இல் கொண்டுவந்த என்100 சிப் போட்ட புதுப் பெட்டிகளும் இந்த வரிசையில் நிற்பவையே. இதைவிடக் கனமான ஆட்சேபம் வேறு இருக்கிறது. பேச்சைப் புரிந்துகொள்ளும் விஸ்பர் போன்ற மென்பொருளுக்கு வேகம் வேண்டாமா? வேண்டும்தான். ஒரு கட்டளையைப் புரிந்துகொள்ள பை 4 எடுத்துக்கொள்வது சுமார் 8 விநாடி, இன்டெல் நக் என்ற மினி கணினிக்கு ஒரு விநாடிக்கும் குறைவு என்று ஹோம் அசிஸ்டன்ட் ஆவணமே சொல்கிறது. எட்டு விநாடி இருட்டில் காத்திருப்பதற்குப் பதில் எழுந்துபோய் சுவிட்சைத் தட்டிவிடலாம். ஆனால் இது வீட்டுச் சர்வரின் தலையில் வந்து ஏறிய புது வேலை. கேமரா படத்தில் ஆளை அடையாளம் காண்பதும் அப்படித்தான். அதற்குக் கோரல் என்ற தனிச் சிறு கருவியைச் செருகிச் சமாளித்தவர்கள் உண்டு, பெட்டியையே மாற்ற வேண்டியிருக்கவில்லை. வீட்டுக்கென்றே தயாராகும் சர்வர் இப்போது விற்கிறதே என்றால், 2023இல் 99 டாலருக்கு வந்த ஹோம் அசிஸ்டன்ட் கிரீனைத் திறந்து பார்க்கலாம்: டேப்லெட்டுகளிலும் டிவி பெட்டிகளிலும் புழங்கும் ராக்சிப் வகை ப்ராசசர், மெமரி கார்டுக்குப் பதில் பலகையிலேயே பதித்த 32 ஜிபி இஎம்எம்சி நினைவகம்.

ஆயுளைக் குறைப்பது தேய்மானம் மட்டுமல்ல, ஆதரவு நின்றுபோவதும்தான். வீட்டுக் கருவிகளை இணைக்கச் சுமார் 300 டாலருக்கு விற்ற ரிவால்வ் மையப்பெட்டி, அதைத் தயாரித்த நிறுவனத்தை நெஸ்ட் நிறுவனம் வாங்கியபின் 2016 மே மாதம் சர்வர் நிறுத்தப்பட்டதால் வெறும் பெட்டியானது. 2022 ஏப்ரலில் வீட்டுத் தானியக்க நிறுவனமான இன்ஸ்டியானின் சர்வர்கள் சொல்லாமல் கொள்ளாமல் அணைந்தன. சொந்த வீட்டிலேயே ஓடும் சர்வருக்கும் இப்படி ஒரு முடிவுத் தேதி உண்டு: 32 பிட் அமைப்புகளுக்கான ஆதரவை ஹோம் அசிஸ்டன்ட் 2025 இறுதியோடு முடித்துக்கொண்டது. பை 3 வைத்திருப்பவர் 64 பிட் பதிப்பை நிறுவிக்கொள்ளலாம்; 2015இல் வந்த முதல் பை 2க்கு அந்த வழியும் இல்லை. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்காத ஆறாம், ஏழாம் தலைமுறை இன்டெல் பெட்டிகளை அலுவலகங்கள் கழிக்கின்றன. லினக்ஸுக்கு அவை இன்னும் நல்ல நிலையில் இருக்கும் 64 பிட் கணினிகள்.