சாலையில் இறங்கிய சோதனைக்கூடம்: பெம்ஸ் பிறந்த கதை

1998-இல் அமெரிக்க அரசிடம் ஏழு டீசல் இன்ஜின் நிறுவனங்கள் மாட்டிக்கொண்டன. கேட்டர்பில்லர், கம்மின்ஸ், வால்வோ எல்லாம் அதில் உண்டு. சோதனைக்கூடத்தில் சமர்த்தாக இருந்த இன்ஜின்கள் நெடுஞ்சாலைக்குப் போனதும் டீசலை மிச்சம் பிடித்து, நைட்ரஜன் ஆக்சைடைக் கூடுதலாகக் கக்கின என்பது குற்றச்சாட்டு. வழக்கு சமரசத்தில் முடிந்தது. இனி லாரி ஓடும்போதே புகையை அளந்தாக வேண்டும். அதற்காக மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகம் ‘மெம்ஸ்’ என்ற நடமாடும் கருவியை உருவாக்கியது. இன்று ‘பெம்ஸ்’ எனப்படும் கருவிகளின் முன்னோடிகளில் அதுவும் ஒன்று.

சோதனைக்கூடத்தை வண்டியில் ஏற்றுவது லேசான காரியமில்லை. புகையில் வாயு எவ்வளவு என்பதை ஒரு பகுப்பாய்வி சொல்லும். புகை எவ்வளவு வெளியேறுகிறது என்பதைப் புகைக்குழாய் முனையில் மாட்டிய ஓட்டமானி சொல்லும். இரண்டையும் பெருக்கினால்தான் கிராம் கணக்கு வரும். இரண்டுக்கும் நேரம் ஒத்துப்போகாவிட்டால் கணக்கே தப்பு. குலுங்கலிலும் வெப்பத்திலும் கருவியின் பூஜ்யமே நகர்ந்துவிடும். அதனால்தான் புறப்படுமுன் ஒருமுறை, திரும்பியதும் ஒருமுறை, அளவு தெரிந்த வாயுவைக் கொடுத்துச் சரிபார்க்கிறார்கள்.

2013-இல் அதே பல்கலைக்கழகக் குழு மூன்று டீசல் கார்களில் பெம்ஸை ஏற்றிக் கலிபோர்னியாவில் ஓட்டியது. டேன் கார்டர் தலைமையிலான அந்தக் குழுவில், சென்னைப் பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்த அரவிந்த் திருவேங்கடமும் இருந்தார். ஃபோக்ஸ்வாகன் ஜெட்டாவின் நைட்ரஜன் ஆக்சைடு, சட்ட வரம்பைப்போல 15 முதல் 35 மடங்கு! எந்த அளவையாளருக்கும் முதல் சந்தேகம் தன் கருவி மேல்தானே வரும்? ஆனால் பிஎம்டபிள்யூ எக்ஸ்5 பெரும்பாலான பாதைகளில் வரம்பை ஒட்டியே ஓடியது. ஜெட்டாவும் எல் மான்டியில் உள்ள அரசுச் சோதனைக்கூடத்தில், உருளைகள் மேல் ஓடியபோது தேறிவிட்டது. கருவியைக் குறை சொல்ல வழியில்லை. தன்னைச் சோதிக்கிறார்கள் என்று கண்டுகொள்ளும் மென்பொருள் காருக்குள் இருந்ததை 2015 செப்டம்பரில் நிறுவனமே ஒப்புக்கொண்டது. உலகம் முழுக்க சுமார் 1.1 கோடி கார்கள்.

2017-இல் ஐரோப்பா புதிய கார் மாடல்களுக்குச் சாலைச் சோதனையைக் கட்டாயமாக்கியது. பெம்ஸின் பிழைக்கென்று நைட்ரஜன் ஆக்சைடு வரம்பின் மேல் முதலில் 50 சதவீதம் சலுகை வைத்து, பிறகு 43 ஆக்கி, இப்போது புதிய விதியில் 10-க்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். கருவி தேறியதைக் காட்டும் எண்கள்தான். ஆனாலும் முதல் சலுகை தாராளம் என்பேன்.

இந்தியாவிலும் 2023 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்6 வண்டிகளுக்குச் சாலைச் சோதனை உண்டு. அது உற்பத்தியாளருக்கான சோதனை. நீங்கள் பெட்ரோல் பங்க் ஓரத்தில் டீசல் காருக்கு வாங்கும் புகைச் சான்றிதழ் புகையின் அடர்த்தியை மட்டுமே பார்க்கிறது. நைட்ரஜன் ஆக்சைடை அங்கே அளப்பதே இல்லை.