இலங்கை றைபிள் படையணி

ஒரு படையணியின் வரலாற்றை அது பொருத போர்களைக் கொண்டு மட்டும் அளவிடுதல் போதாது. அதனை அமைத்தோர் யாவர், எவரைத் திரட்டினர், யாது கருதித் திரட்டினர் என்பனவற்றையும் ஆராய்தல் வேண்டும். 1827ஆம் ஆண்டு முதல் 1873ஆம் ஆண்டு வரை நிலவிய இலங்கை றைபிள் படையணியின் வரலாறு இவ்வகையில் நம் சிந்தனைக்குரியது.

ஒல்லாந்தர் இந்நாட்டின் கரையோரங்களை ஆண்டபோது, ஜாவாவிலிருந்தும் அயற்றீவுகளிலிருந்தும் மலாய்ப் போர்வீரரைக் கொணர்ந்து தம் கோட்டைகளில் நிறுத்தினர். 1796இல் கொழும்பு ஆங்கிலேயர் வசமாயிற்று. மலாய் வீரரை அவர்களும் தம் சேவையில் அமர்த்திக்கொண்டனர். 1798 முதல் 1805 வரை தேசாதிபதியாயிருந்த பிரடெரிக் நோர்த், அவர்களை முதலாம் இலங்கைப் படையணியாக ஒழுங்குபடுத்தினார். கோவாவிலிருந்து ஆபிரிக்க அடிமைகளை விலைகொடுத்து வாங்கிப் பிறிதொரு பிரிவையும் உருவாக்கினார். ஐரோப்பியப் படைவீரர் காட்டுக் காய்ச்சலுக்குப் பெருந்தொகையாக இரையாயினர். அந்நிய நாட்டிலிருந்து வந்தோரோ வெப்ப நாட்டு வாழ்வுக்குப் பழகியோர். இந்நாட்டில் உற்றார் உறவினர் அற்றோர். ஆகவே ஆணைக்கு அடங்கி நிற்பர் என்பது ஆட்சியாளர் போட்ட கணக்கு.

அக்கணக்கு 1803இல் சோதனைக்குள்ளாயிற்று. கண்டியில் நிறுத்தப்பட்ட ஆங்கிலப் படை, ஸ்ரீ விக்கிரம ராஜசிங்க மன்னனின் சேனையிடம் சரணடைந்தது. மன்னனிடத்தும் மலாய் வீரர் இருந்தனர். ஓரினத்தாரே இரு பக்கத்திலும் நின்று பொருதனர். சரணடைந்த மலாயருட் பலர் மன்னன் பக்கம் சேர்ந்தனர். அவர்தம் தலைவருள் ஒருவரான கப்டன் நூருத்தீனோ, ஏற்ற உறுதிமொழியைக் கைவிட மறுத்து உயிர்துறந்தார். கூலிக்குச் சேர்ந்தவர் இவ்வாறுதான் நடப்பர் என ஒருவராலும் அறுதியிட்டுக் கூற இயலாது போலும்!

1827இல் இலங்கைப் படையணிகள் இணைக்கப்பட்டு இலங்கை றைபிள் படையணி தோன்றிற்று. மேலதிகாரிகள் ஆங்கிலேயர், வீரருட் பெரும்பாலார் மலாயர். 1848இல் மாத்தளையில் மூண்ட கிளர்ச்சியை அடக்க இப்படையணியே ஏவப்பட்டது. அதே காலத்தில் அதன் ஒரு பகுதி ஹொங்கொங்கிலும் காவல் புரிந்தது. வீரர் தம் மனைவி மக்களுடன் படைக் குடியிருப்புகளில் வாழ்ந்தனர். தந்தைக்குப்பின் மைந்தன் சேர்வது வழக்கமாயிற்று. உறவற்றோர் எனக் கொணரப்பட்டவர், இரண்டொரு தலைமுறையில் இந்நாட்டிலேயே உறவும் ஊரும் உடையோராயினர்.

அம்மாற்றமே படையணியின் முடிவுக்கும் ஒரு காரணமாயிற்று. இங்கு பிறந்த மலாய் இளைஞர், படைச் சம்பளத்தினும் மேலான வருவாயைப் பிறதொழில்களிற் கண்டனர். மலாய்க் குடாநாட்டில் ஆள்திரட்ட அனுப்பப்பட்ட அதிகாரிகளும் போதிய பயன் பெற்றிலர். படைச்செலவைக் குடியேற்ற நாட்டின் தலையிற் சுமத்தியதைக் கண்டித்து, 1864இல் சட்டசபையின் உத்தியோகப்பற்றற்ற அங்கத்தவர் அறுவர் பதவி துறந்தனர். ஈற்றில், 1873இல் படையணி கலைக்கப்பட்டது. வீரர் பலர் பொலிஸ் சேவையிற் புகுந்தனர்.

எட்டாண்டுகளின் பின், 1881 ஏப்பிரல் முதலாந் திகதி, இலங்கை இலகு காலாட்படைத் தொண்டர் அணி நிறுவப்பட்டது. 1949இல் நிலையான இராணுவம் அமைக்கப்பட்டபோது அதன் முதற் காலாட்படையாகத் திகழ்ந்ததும் அதன் வழிவந்த அணியே.

றைபிள் படையணிக்கோ அத்தகைய வாரிசுப் படை எதுவும் இல்லை. ஆயினும் கொழும்பு கொம்பனித்தெருவில் அதன் பெயரால் வழங்கும் வீதியும், மலாயரின் பள்ளிவாசலும் உள. 1869இல் பாபா யூனுஸ் சல்தீன் அரபு எழுத்தில் வெளியிட்ட மலாய்ப் பத்திரிகையான ‘அலாமத் லங்காபுரி’, அச்சமூகத்தின் கல்விச் சிறப்புக்குச் சான்று. புத்தளத்தை அடுத்த சிறாம்பியடியில் ஆபிரிக்க வீரரின் வழித்தோன்றல்கள் வாழ்கின்றனர்.

நாட்டோடு ஒட்டாதவர் என்றெண்ணி ஓர் அரசு அவர்களைத் தேர்ந்தது. அவ்வரசு நீங்கியது, அவர்தம் சந்ததியார் இந்நாட்டு மக்களாகவே நிலைத்தனர்.