பெயருக்கு முன்னால் நிற்பவை

தென்பெண்ணைக் கரையில் இருக்கிற மூங்கில்துறைப்பட்டில் ஒரு கரும்பு ஆலை உண்டு. அதன் பெயர் கள்ளக்குறிச்சி-1 கூட்டுறவு சர்க்கரை ஆலை. இதை 'சர்க்கரைக் கூட்டுறவு ஆலை' என்று யாரும் சொல்வதில்லை. கரும்பு ஏற்றி வரும் டிராக்டர்காரர் வாயிலும் அப்படி வராது, ஆலை அலுவலகக் காகிதத்திலும் வராது. ஏன் வராது என்று கேட்டால் இரண்டு இடத்திலும் பதில் கிடைக்காது. ஆங்கிலம் கற்பிக்கும் புத்தகங்கள் இந்தப் பழக்கத்துக்கு ஒரு வரிசையே போட்டு வைத்திருக்கின்றன: முதலில் பேசுகிறவரின் மதிப்பீடு, பிறகு அளவு, வயது, வடிவம், நிறம், பிறந்த இடம், செய்த பொருள், கடைசியில் பயன். ஆனால் அந்த மொழியைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்கள் இந்தப் பட்டியலைப் படித்துப் பேசக் கற்றவர்கள் அல்லர். 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுதிய டோல்கியன் சிறுவயதில் எழுதிய கதையில் 'கிரீன் கிரேட் டிராகன்' என்று எழுதப்போய், 'கிரேட் கிரீன் டிராகன்' என்றுதான் சொல்ல வேண்டும் என்று அம்மா திருத்தியிருக்கிறார். காரணம் தனக்கு இன்னும் விளங்கவில்லை என்று 1955-இல் கவிஞர் ஆடனுக்கு எழுதிய கடிதத்தில் அவர் சொல்கிறார். அப்போது அவர் ஆக்ஸ்ஃபோர்டில் ஆங்கிலப் பேராசிரியர்.

தமிழிலும் அடைமொழிகள் கிட்டத்தட்ட இதே வரிசையில்தான் வருகின்றன. 'நல்ல பெரிய பழைய கருங்கல் திண்ணை' என்றால் காதுக்கு இதமாக இருக்கிறது. 'கருங்கல் பழைய பெரிய நல்ல திண்ணை' என்றால் சொன்னவர் தடுமாறுகிறார் என்று நினைப்போம். ஆனால் தமிழ் இலக்கணக்காரர்கள் திண்ணையைப் பற்றிக் கவலைப்படவில்லை; ஆட்களின் பெயரைப் பற்றிக் கவலைப்பட்டார்கள். ஒருவருக்கு இயற்பெயரும் சிறப்புப் பெயரும் சேர்ந்து வந்தால் இயற்பெயரை முன்னால் சொல்லக் கூடாது என்று தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் விதிக்கிறது. சோழன் நலங்கிள்ளி, ஏனாதி நல்லுதடன் என்பவை உரையாசிரியர்கள் காட்டும் உதாரணங்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலில் அந்தச் சிறப்புப் பெயர்கள் எவற்றால் வருகின்றன என்றும் பிரித்துச் சொன்னார்: நிலம், சாதி, குடி, உடைமை, குணம், தொழில், கல்வி முதலியவை. அவரும் இயற்பெயர் பின்னால் வருவதே நல்லது என்கிறார். இரண்டு நூலும் அதோடு நிறுத்திக்கொள்கின்றன. நிலமும் குடியும் குணமும் ஒன்றாக வந்தால் எது முதலில், எது அடுத்து? அந்த உள்வரிசையை நூல்கள் சொல்லவில்லை. அதைத் தெரிந்துகொள்ளக் கல்லிடம்தான் போக வேண்டும். அந்தக் கற்கள் இந்த ஆற்றோரத்திலேயே இருக்கின்றன.

திருக்கோவிலூருக்கு மேற்கே ஜம்பை மலைக் குகையில் 1981-இல் தமிழகத் தொல்லியல் துறை ஒரு தமிழ் பிராமிக் கல்வெட்டைக் கண்டெடுத்தது. அது கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று ஐராவதம் மகாதேவன் கணித்தார். அதைவிட முந்தையது என்பாரும் உண்டு. துறவிகளுக்கு அந்தக் குகையை வழங்கிய அதியமானின் பெயர் அதில் நான்கு அடுக்காக நிற்கிறது: ஸதியபுதோ, அதியந், நெடுமாந், அஞ்சி. சத்தியபுத்திரர் என்பது அசோகரின் பாறைச் சாசனத்தில் சேர, சோழ, பாண்டியரோடு சேர்த்துச் சொல்லப்பட்ட அரசகுலப் பெயர். வடக்கே மகதம் வரை தெரிந்தது. அதியன் என்பது தகடூர்ப் பகுதிக்குத் தெரிந்த குடி. நெடுமான் குடிக்குள் வழங்கிய பட்டமா, அவனுக்கே உரிய பெருமையா என்று வாதிக்கலாம். எப்படியானாலும் அதியன் என்பதைவிடக் குறுகியது. அஞ்சி அவன் ஒருவனுக்கே உரியது. நாலு பேருக்குப் பொதுவானது முன்னால், தனக்கே ஆனது கடைசியில் என்று அந்த வரி படிப்படியாக இறங்குகிறது.

அரசனுக்கு மட்டும் இந்த மரியாதை என்று நினைக்க வேண்டாம். தண்டராம்பட்டுப் பக்கம் எடத்தனூரில் ஏழாம் நூற்றாண்டு நடுகல் ஒன்று இருக்கிறது. எருமைகளைக் காக்கப்போய் உயிர்விட்ட ஒரு வீரனுக்கு எடுத்தது. அதில் முதலில் வருவது மகேந்திரவர்மப் பல்லவனின் முப்பத்து நான்காம் ஆட்சியாண்டு, அடுத்து வாணகோ அரசர், பிறகு அவருடைய மருமக்கள் பொற்றொக்கையார், அவருடைய இளமகன், அதற்கும் பிறகுதான் கருந்தேவக்கத்தி என்ற பெயர். பேரரசு, சிற்றரசு, உறவு, ஆள் என்று இறங்கும் ஏணி இது. அதே கல்லில் வீரனின் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்ற அந்த நாய்க்குக் கோவிவன் என்று பெயர். அங்கே பெயர் முன்னும் நாய் பின்னும் வருகிறது, ஆனால் இடையில் 'என்னும்' என்ற சொல் தேவைப்பட்டிருக்கிறது. வரிசையைப் புரட்டினால் முட்டுக்கொடுக்க ஒரு சொல் வேண்டும். கரூர் அருகே புகழூர்க் குகையிலும் இதே ஓட்டம்தான். அங்கே தங்கிய துறவி முதலில் மூத்தவர், அடுத்து அமணர், அடுத்து யாற்றூர்க்காரர், கடைசியில் செங்காயபன். வயதுக்குப் பிறகு ஊர் என்பது ஆங்கிலப் பட்டியலிலும் இருப்பதுதான். செங்காயபனுக்குப் படுக்கை வெட்டியவர் அந்தப் பட்டியலைப் பார்த்திருக்க வழியில்லை.

இதற்கு ஒரு மறுப்பு உடனே எழும்: தமிழில் அடைமொழி எல்லாமே பெயருக்கு முன்னால்தானே வருகிறது, இதில் வழக்கம் என்று சொல்ல என்ன இருக்கிறது? அடைமொழிக்கு அது சரி. ஆனால் சோழன், நலங்கிள்ளி இரண்டும் பெயர்ச்சொற்கள். மொழியின் கட்டமைப்பு இரண்டில் எதையும் முன்னால் வைக்க இடம்தரும். இடம்தராவிட்டால் தொல்காப்பியர் விதி செய்திருக்க மாட்டார். யாரும் மீறாத ஒன்றுக்கு எவரும் தடை போடுவதில்லை. இன்னொரு மறுப்பு கொஞ்சம் கனமானது: ஜம்பையில் முதலில் நிற்கும் சொல்லே பிராகிருதம்; ஆகவே வரிசையும் வடக்கிலிருந்து வந்ததாக இருக்கலாமே? அசோகரின் சாசனங்களைப் பார்த்தால் இது நிற்காது. அங்கே தேவானாம்பிரிய என்ற சிறப்பு முதலில், பியதசி என்ற பெயர் நடுவில், அரசன் என்ற சொல் கடைசியில். ஜம்பைக்காரர் வடக்கிலிருந்து சொல்லை எடுத்துக்கொண்டார், வரிசையை எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்றாவது மறுப்பு கல்வெட்டுகளிலிருந்தே வருகிறது. சோழர் கல்வெட்டுகளில் ராஜராஜ தேவர், ராஜேந்திர சோழ தேவர் என்று சிறப்பு பெயருக்குப் பின்னால்தானே நிற்கிறது? நிற்கிறது. ஆனால் இந்தத் 'தேவர்' ஆளை அடையாளம் காட்டுவதில்லை. எந்த அரசனுக்கும் போடலாம், தெய்வத்துக்கும் போடலாம். அடையாளம் காட்டுவது முன்னால், கும்பிடு போடுவது பின்னால் என்று இரண்டையும் பிரித்துப் பார்த்தால் சிக்கல் பெரும்பாலும் தீர்கிறது. முழுக்கத் தீரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பிற்காலத்தில் ஐயர், பிள்ளை, முதலியார், செட்டியார் என்று பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டவை மரியாதையும் காட்டின, சாதியையும் காட்டின. நன்னூல் முன்னால் நிறுத்திய சாதி, மரியாதை வேஷத்தில் பின்வாசல் வழியாக வந்துவிட்டது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விட்டுவிடச் சொன்னது சமூக நீதிக்காக, இலக்கணத்துக்காக அல்ல. ஆனாலும் அதன் பிறகு தமிழ்நாட்டில் பெயர் மறுபடியும் கடைசி இடத்துக்கு வந்தது. முன்னால் மிஞ்சியவை இனிஷியல்கள். மயிலாப்பூர் பொன்னுசாமி சிவஞானம் ம.பொ.சி. ஆனார், காஞ்சீபுரம் நடராஜன் அண்ணாதுரை சி.என். அண்ணாதுரை ஆனார். ஊர், தந்தை, ஆள் என்ற இந்த வரிசை எடத்தனூர்க் கல்லின் சுருக்கெழுத்து.

வெள்ளைக்காரன் காலத்து அஞ்சல் முகவரி இதைத் தலைகீழாக்கிவிட்டது என்று சொல்வார்கள். கடித உறைக்கு அது உண்மைதான்: பெயர், கதவு எண், தெரு, ஊர், மாவட்டம் என்று சின்னதிலிருந்து பெரியதற்கு ஏறுகிறோம். (அதன் அடியில் 1972 முதல் எழுதும் பின்கோடு மட்டும் மண்டலத்தில் தொடங்கி அஞ்சலகத்தில் முடிகிறது, ஒரே உறையில் இரண்டு எதிர்த்திசை.) ஆனால் நிலப் பத்திரத்தை அது தொடவில்லை. ஆவண எழுத்தர் இன்றும் மாவட்டம், வட்டம், கிராமம் என்று ஆரம்பித்து, அங்கே வசிக்கும் இன்னாருடைய குமாரர் இன்னார் என்றுதான் முடிக்கிறார். கடைசியில் 'அவர்கள்' என்று ஒரு கும்பிடும் போடுகிறார். சொத்து விவரமும் பதிவு மாவட்டத்தில் தொடங்கி சர்வே எண்ணில் இறங்குகிறது. சோழர் காலத்தில் இதே வட்டாரத்தில் எழுதியவர்கள் மிலாடான ஜனநாத வளநாடு, அதற்குள் குறுக்கைக் கூற்றம், அதற்குள் திருக்கோவலூர் என்று இறங்கியதும் இப்படித்தான். மூங்கில்துறைப்பட்டில் மூன்று தலைமுறையாகக் கைமாறிய ஒரு காணியின் பத்திரங்களை அடுக்கி வைத்தால், 1993-க்கு முந்தையது தென்னாற்காட்டில் தொடங்கும், அடுத்தது விழுப்புரத்தில், 2019 நவம்பருக்குப் பிந்தையது கள்ளக்குறிச்சியில். அதற்குப் பிறகு வரும் அடுக்குகள் மூன்றிலும் அதே வரிசையில்தான் நிற்கும்.